அடிமட்டம் அண்ணையும் குப்பைமேனிச் சவர்க்காரமும்

வெள்ளவத்தையில் அடிமட்டம் அண்ணை அளக்காத பொருள் இல்லை. வார்த்தையை மட்டும் அளக்கமாட்டார்.

காலி வீதிப் பக்கம் இருந்த சின்ன ஆய்வுகூடத்தில் அவர் மூத்தவர், நான் புதிதாகச் சேர்ந்தவள். தட்டில் கிருமியை வளர்த்து, மூலிகைச் சாற்றில் தோய்த்த காகித வில்லையை அதன்மேல் வைப்போம். கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். அதை அளக்கிற மில்லிமீற்றர்க் கோடு போட்ட அடிமட்டம் அண்ணையின் சட்டைப்பையில் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும்; பட்டப்பெயரும் அதனால்தான். சாப்பாட்டுக் கடையில் தோசையையும் அளந்து, நேற்றையதைவிட எட்டு மில்லிமீற்றர் குறைவு என்று முதலாளியிடம் சொல்லுவார். அதற்குப் பிறகு முதலாளியிடமிருந்து சம்பல் வராது; வெறும் தோசையைச் சாப்பிடுவார். ஒரு கலியாண வீட்டில் வாழைப்பூ வறை துவர்ப்பதற்கு டனின் என்ற இரசாயனம்தான் காரணம் என்று மாப்பிள்ளையின் தகப்பனுக்கு விளக்கத் தொடங்கினார். பாவம் மனுசன், எச்சில் கை காயும்வரை நின்றார்.

ஒருநாள் குப்பைமேனிச் சவர்க்காரம் செய்கிற முதலாளி ஒருவர் வந்தார். குப்பைமேனிச் சாறு கிருமியைக் கொல்லும் என்று அவருக்கு ஒரு கடிதம் வேண்டும். வட்டம் அழகாக விழுந்தது. எங்கள் மனேஜருக்கு வாயெல்லாம் பல்.

அண்ணை விடவில்லை. இலையை ஊறவைத்த அதே ஸ்பிரிட்டை மட்டும் தோய்த்து இன்னொரு வில்லை வைத்தார். அதற்கும் அதே அளவு வட்டம். அவசரத்தில் நான்தான் வில்லையைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருந்தேன். இலைச்சாற்று வில்லையைக் காயவைத்துத் திரும்ப வைத்தபோது வட்டமே இல்லை.

முதல் தட்டே போதும், கையெழுத்தைப் போடுங்கள் என்றார் மனேஜர்.

“ஸ்பிரிட் கொன்றதுக்கு இலைக்கு என்னத்துக்குச் சேர்ட்டிபிக்கற்? என்ர கையெழுத்து வராது.”

“அப்ப ஈரத்தோட வைச்சது ஆர்?”

அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான்.”

எனக்கு வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வேலை தெரியாதவர் என்று சொல்லி அந்த வாரமே அவரை அனுப்பினார்கள். கடிதத்தில் கையெழுத்து வைத்தவள் நான்.

இன்றைக்கு அந்தச் சவர்க்காரம் எங்கள் வீதிக் கடைகளில் எல்லாம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது என்று உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் அதை வீட்டுக்குள் எடுப்பதில்லை.

போகிற அன்று அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் இவ்வளவு கசந்திராது. அடிமட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டு, “இனிக் காயவிட்டு வை, பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

காயவிட்டுத்தான் வைக்கிறேன், அண்ணை.