பொலிக் கங்காணியும் என் கணக்குப் பரீட்சையும்

“விஞ்ஞானம் படிச்சா கூடையில ரெண்டு கிலோ கூட விழுமா?”

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னைக் கேட்ட கேள்வி இது. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கையெழுத்து அவர் பேனை நுனியில் இருந்தது. பேசாமல் நின்றேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டமென்று கிளாக்கருக்குத் தெரிய நியாயமில்லை.

அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். மன்னிப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில், எங்களுக்கு அடுத்த சுவருக்குப் பின்னால், இருக்கும் பொலிக் கங்காணியைப் பற்றித்தான். இந்தப் பூமியில் எந்தக் காரியத்தையும் சத்தமில்லாமல் தொடங்க விடாத ஒரே மனிதர் அவர். எங்கள் மலைக்கு மேல் சூரியன் வருவதற்கே அவரிடம் கேட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

தேயிலை மலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் பெண்கள் நிரையில் இறங்கி முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடுமுன் வேலையை மேற்பார்க்கும் கங்காணி நின்று “பொலியோ பொலி” என்று குரல் கொடுப்பார். பெண்கள் “பொலி, பொலி, பொலி” என்று பதில் கொடுப்பார்கள். நிறையட்டும், பெருகட்டும் என்று அர்த்தம். இந்தியாவில் நெற்களத்தில் சொன்னதை எங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்து கொழுந்துக்குச் சொன்னார்கள். பதில் கொடுப்பது கட்டாயம். கொடுக்காவிட்டால் கூப்பிட்டவருக்கு அவமானம், கூடையும் நிறையாது. தாயின் முதுகில் துணியில் தொங்கிய காலத்திலிருந்தே எங்களுக்கு அது கொட்டாவி மாதிரி. ஒருவர் விட்டால் அடுத்தவரும் விட்டே ஆகவேண்டும்.

பொலிக் கங்காணியின் தாத்தாவும் கங்காணி, அப்பாவும் கங்காணி. பரம்பரைச் சொத்தாக அவருக்கு வந்தவை மூன்று: ஒரு கறுப்புக் கோட்டு, எதிர் மலைவரை கேட்கும் தொண்டை, இந்தச் சொல். ஆள் கோட்டுக்குள் காணாமல் போகிற அளவுக்கு மெலிவு. எல்லாச் சதையும் தொண்டைக்கே போய்விட்டது போலும்.

தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறிய பிறகு எங்களுக்குப் புதிதாக ஒரு சின்னத்துரை உதவி மேலாளராக வந்தார். முதல் நாள் மலையில் இந்தச் சத்தத்தைக் கேட்டுத் துள்ளி விழுந்தார். “என்ன கங்காணி இது, கோயிலா? பேசாம வேலையத் தொடங்குங்க” என்றார். அன்றோடு மலையில் பொலி நின்றது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டார்கள், கங்காணியால் முணுமுணுக்க முடியாது, அந்தத் தொண்டையில் அந்த வசதி கிடையாது. மூன்று தலைமுறைச் சத்தத்தை ஓரிடத்தில் அடைத்தால் அது வேறெங்காவது பீறிடும் என்று சின்னத்துரைக்கு யார் சொல்வது? அவர் பங்களாவில் நிம்மதியாக இருந்தார். பீறிட்டது எங்கள் லயத்தில்.

அம்மா உலையில் அரிசி போட்டால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “பொலி”. அப்பா முகத்தில் சவர அலகை வைத்தால் “பொலி”. அப்பா கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது அந்தப் பொலிதான். டிஸ்பென்சரியில் யாரோ ஒரு காய்ச்சல்காரர் வாயில் மருந்து கொடுக்கும் ஐயா கண்ணாடிக் குச்சியை வைத்தபோதும் வரிசையில் நின்ற கங்காணி “பொலி” என்றார்.

“ஏங்க, காய்ச்சலும் பெருகணுமா?” என்று கேட்டார் ஐயா.

“சுகம் பெருகட்டும்னு சொன்னேங்க.”

“அப்ப மருந்து குடுக்கறப்ப சொல்லுங்க. இப்ப வெளிய நில்லுங்க.”

பலாங்கொடைக்குப் போகும் பஸ்ஸின் சிங்களக் கொண்டக்டர் ஒருவர்தான் அவரைக் கெடுத்தார். ஆட்கள் ஏறியதும் மணி அடிக்காமல் கங்காணியைப் பார்ப்பார். “கங்காணி, கியன்ன” என்பார், சொல்லுங்கள் என்று. கங்காணி சொல்வார். பஸ்ஸில் பாதிப் பேர் பதில் கொடுப்பார்கள். பிறகு “ஹரி, யமு”, சரி போகலாம் என்று மணி அடிப்பார். பாடசாலைக்குப் பிந்தும் எனக்கு வயிறெரியும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது மேல் லயத்தில் ஒரு கிழவர் செத்த வீடு. வாய்க்கரிசி போட மூத்த மகன் முதல் பிடி அரிசியை எடுத்தார். ஒப்பாரிகூட ஒரு நொடி மூச்சு வாங்க நின்றது. அந்த இடைவெளியில் கங்காணிக்கு வாய் நிற்குமா?

“பொலியோ பொலி.”

அதைவிடக் கேவலம், ஒப்பாரி வைத்த பெண்கள் பதில் கொடுத்துவிட்டார்கள்.

மகன் அரிசியும் கையுமாகத் திரும்பினார். “இன்னும் நாலு சாவு விழட்டும்னு சொல்றியா?”

“பழக்கதோசம் தம்பி. மொதப் பிடியப் பாத்ததும் வந்திருச்சு” என்றபடியே கங்காணி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பிறகு தோட்டத்தில் சாவு விழுந்தால் சாவு மேளம் அடிக்கும் தப்புக்காரருக்குச் சொல்லி அனுப்புமுன் கங்காணியிடம் ஆள் அனுப்பி ‘வர வேண்டாம்’ என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் என் கணக்குப் பரீட்சைக்குத் துணையாக அனுப்பினார்கள்.

கணக்கில் தவறினால் உயர்தர வகுப்புக் கிடையாது. எனக்கு முன்னால் எழுதிய எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கணக்கில்தான் விழுந்தார்கள். நான் விழுந்தால் அடுத்த மாதமே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என் பெயர் கூப்பிடப்படும், அம்மாவின் பழைய கூடை என் தலையில் ஏறும். கிளாக்கர் சிரித்துக்கொண்டே பெயரைப் பதிவார். இதுதான் நிலைமை. அன்றைக்கென்று பார்த்து அப்பாவுக்குக் காய்ச்சல். யுத்தத்தால் ரோட்டில் செக்பொயின்ட் இருந்த காலம், ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை.

“கங்காணி வர்றேன்னாரு” என்றார் போர்வைக்குள்ளிருந்து.

“அவரா? அதுக்கு நான் தப்புக்காரரையே கூட்டிட்டுப் போவேன்.”

“பெரிய படிப்புப் படிச்சவ பேசுற பேச்சா இது? போ.”

வாசலில் கங்காணி தயாராக நின்றார். வெள்ளை வேட்டி, அதன்மேல் தாத்தாவின் கறுப்புக் கோட்டு. பூச்சி உருண்டையும் பழைய மழையும் கலந்த ஒரு வாசம். பலாங்கொடை வெயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு யாராவது வருவார்களா? பஸ்ஸில் நான் அவரிடமிருந்து ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாமா, பரீட்சை நடக்குற எடத்துல நீங்க வாயே தெறக்கக் கூடாது.”

“எனக்குத் தெரியாதா தாயி?”

“சத்தியம் பண்ணுங்க.”

“ஹோலுக்குள்ள நான் வாயத் தெறந்தா என்னையக் கேளு.”

நான் நம்பினேன். பதினொரு வருடம் படித்து என்ன பிரயோசனம்?

மண்டபத்தில் மேற்பார்வையாளர் ஒரு முஸ்லிம் ஆசிரியர். கண்டிப்பான முகம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வினாத்தாள் உறையைப் பிரிக்குமுன் அவர் உதடுகள் ‘பிஸ்மில்லா’ என்று அசைந்ததை முன் வரிசையில் இருந்த நான் பார்த்தேன். தாள்கள் வந்தன. முதல் கணக்கு பின்னம். எனக்குத் தெரிந்த பின்னம். சந்தோஷத்தோடு பேனையைத் தாளில் வைத்தேன்.

மதிலுக்கு வெளியிலிருந்து, எதிர் மலைக்கென்று கடவுள் படைத்த அந்தத் தொண்டை திறந்தது.

“பொலியோஓஓ... பொலி.”

“பொலி, பொலி, பொலி” என்றது மண்டபத்துக்குள் ஒரு குரல்.

அது என் குரல். அந்த அநியாயத்தை நான் உணருமுன் பின்னாலிருந்து இன்னொரு பொலி, இடப்பக்கம் இரண்டு, கதவோரம் ஒன்று. வேறு வேறு தோட்டங்களிலிருந்து வந்த, முன்பின் பார்த்திராத பிள்ளைகள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு விழித்தோம். டவுன் பிள்ளைகள் எங்களைப் பேய் பிடித்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“எல்லாரும் பேனையைக் கீழ வைங்க” என்றார் மேற்பார்வையாளர். “வெளிய ஒராள் சத்தம் போடுறார், உள்ள இத்தன பேர் பதில் சொல்றீங்க. என்ன சிக்னல் இது?”

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் கங்காணியைக் கோட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கங்காணி வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டாராம், எனக்குக் கொடுத்த சத்தியமாம்.

“இந்தப் புள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

“பொலி சொன்னேங்க.”

“அப்படியெண்டா?”

“நெறையட்டும்னு அர்த்தமுங்க.”

“எந்தக் கேள்விக்கு?”

“எல்லாக் கேள்விக்கும் சேத்துத்தாங்க.”

மேற்பார்வையாளர் முகம் சிவந்தது. எங்கள் மேசைகளிலிருந்து தாள்களை எடுக்கக் கையை நீட்டினார். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கங்காணியின் கோட்டைக் கிழிக்க வேண்டும்போல இருந்தது. அப்போது மேற்பார்வையாளர் சொன்னார்: “தோட்டத்துப் பழக்கத்தையெல்லாம் இஞ்ச கொண்டு வரப்படாது.”

என் கோபம் அப்படியே ஆள் மாறியது. கங்காணியை நான் ஏசலாம்; சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து ஏசும் உரிமை எனக்கு உண்டு. இவர் யார்?

எழுந்து நின்றேன். “சேர், அவர் எங்க மாமா. அவர் விடை ஒண்ணும் சொல்லல, அவருக்குக் கணக்கே தெரியாது. எங்க ஆளுங்க எந்த வேலையத் தொடங்கினாலும் அதச் சொல்லித்தான் தொடங்குவாங்க. கூப்பிட்டா பதில் சொல்றது எங்களுக்குப் பழகிப்போச்சு. நீங்களும் உறையப் பிரிக்க முன்ன பிஸ்மி சொன்னீங்க, நான் பாத்தேன். அது மாதிரித்தான் சேர் இதுவும். நீங்க மெல்லச் சொன்னீங்க, எங்க மாமாவுக்கு மெல்லச் சொல்ல வராது.”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த உறையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

“எங்கட வாப்பா சொல்லித் தந்தது” என்றார் மெதுவாக, யாரிடமென்றில்லாமல். பிறகு குரலை உயர்த்தினார். “பேனைய எடுங்க. போன நேரத்தக் கடைசியில தாரேன். பெரியவர், நீங்க கேட்டுக்கு வெளிய போங்க. இன்னொருக்கா சத்தம் வந்தா இந்தப் புள்ளைட தாள எடுத்துப் போடுவேன்.”

“இன்னொருக்கா வராதுங்க” என்றார் கங்காணி பணிவாக. “கூடைக்கு ஒரு தடவதாங்க.”

கணக்கில் சித்தியடைந்தேன். சும்மா இல்லை, நல்ல சித்தி. இனித்தான் உண்மையான அநியாயம். செய்தி வந்த அன்று லயமே திரண்டு கடைசிக் காம்பராவுக்குப் போனது. “கங்காணி, ஒங்க பொலி பலிச்சிருச்சே” என்று அவருக்கு வெற்றிலை கொடுத்தார்கள். பெரிய கிளாக்கர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னை அல்ல, அவரை. அந்த வருடம் முழுக்கக் குப்பி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

கூட்டம் கலைந்ததும் நேரே போய் நின்றேன். “மாமா, கணக்குச் செஞ்சது நானு.”

“ஆமா தாயி.”

“எங்கம்மா கொழுந்து எடுத்தாங்க, அவங்க அம்மா எடுத்தாங்க. ஒங்க தாத்தாவும் அப்பாவும் சும்மா நின்னு சத்தம் போட்டாங்க. பேரு மட்டும் ஒங்களுக்கா?”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். வெற்றிலையை மடித்து என் கையில் வைத்தார்.

“நான் என்னைக்காவது ஒரு கொழுந்து கிள்ளியிருக்கேனா? கூடைய நெறைச்சது பூராவும் ஒங்க வீட்டுப் பொம்பளைங்கதான். எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குச் சத்தம் ஒண்ணுதான் போட முடிஞ்சுச்சு. அதையும் வேணாம்னுட்டாங்க. அன்னைக்கு ஒருத்தியாவது பதில் சொன்னியே.”

சண்டை போட வந்தவளுக்கு இப்படிப் பதில் சொல்வது எந்த ஊர் நியாயம்? வெற்றிலையை மென்றுகொண்டே திரும்பிவிட்டேன்.

உயர்தரமும் முடித்து இப்போது எங்கள் தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரியையாக இருக்கிறேன். பாடசாலை லயத்துக்குக் கீழேதான். கங்காணி ஓய்வு பெற்றுவிட்டார், தொண்டை ஓய்வு பெறவில்லை. தவணைப் பரீட்சை நாட்களில் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுத்தான் தாளைக் கொடுப்பேன். அப்படியும் கேட்கும். அப்படியும் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். அதிபர் என்னைத்தான் முறைப்பார்.

வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் கொழும்பில் முதல் பரீட்சை. அந்த மண்டபத்தில் குளிரூட்டி இருக்கிறதாம், ஜன்னல் திறக்கமாட்டார்களாம். வெளிச் சத்தம் துளிகூட உள்ளே வராதாம். விசாரித்துவிட்டேன். பரவாயில்லை, பதிலை நானாகவே சொல்லிக்கொள்வேன். பஸ்ஸில் இரண்டு சீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மாமாவின் கறுப்புக் கோட்டை நேற்றே பலாங்கொடை லாண்டரியில் கொடுத்துவிட்டேன்.