கண் திறக்குமுன் வந்த குட்டி

ஒரு விஷயத்தில் அரைகுறை ஞானம் உள்ளவன் கொஞ்சமாவது தயங்குவான். ஒன்றுமே தெரியாதவன்தான் அடித்துப் பேசுவான். இருபத்தைந்து வயதில் நான் இரண்டாவது ரகம். அப்போது யாராவது என் வாயில் துணியை அடைத்திருந்தால் பெங்களூருக்கு எவ்வளவோ நன்மையாக இருந்திருக்கும்.

ஐம்பதுகளின் நடுவில், கண்டோன்மென்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. கல்யாணம் மட்டும் ஆகியிருந்தது. பிரேசர் டவுனில் ஒரு ஓட்டு வீட்டில் நானும் கமலாவும் குடியிருந்தோம். பகலெல்லாம் தனியாக இருக்க முடியவில்லை, பேச்சுத்துணைக்கு ஒரு நாய்க்குட்டியாவது வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். (என்னோடு பேசுவதைவிட நாயோடு பேசுவது மேல் என்று ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி.)

எங்கள் மேனேஜர் பெள்ளியப்பா குடகுக்காரர். அவர் வீட்டு அல்சேஷன் நாய் ராணி குட்டி போட்டிருந்தது. ஒன்றை எனக்குத் தருவதாகச் சொன்னார். "வயசு பாத்து எடுத்துக்கப்பா. அவசர பேடா, ஸ்வல்ப வளரட்டும்" என்று, அவசரம் வேண்டாம், கொஞ்சம் வளரட்டும் என்பதைக் கன்னடம் கலந்து சொல்லிவிட்டு லீவில் மடிக்கேரி போய்விட்டார்.

எது சரியான வயசு? யாரையாவது கேட்டிருக்கலாம். நாய் வளர்க்கிறவர்கள் அந்தப் பேட்டையில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். நான் ஏன் கேட்கிறேன்? எனக்குத்தான் சொந்தமாக ஒரு சித்தாந்தம் இருந்ததே. குட்டி கண் திறந்ததும் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறதோ, அவன்தான் ஆயுசுக்கும் அதன் எஜமான். இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், இன்றுவரை ஞாபகம் வரவில்லை. ஆகவே கண் திறப்பதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் காலி பிஸ்கட் டின்னோடு மேனேஜர் பங்களாவுக்குப் போனேன். பட்லர் அந்தோணி பதறிவிட்டார்.

"இன்னும் கண்ணே தொறக்கலையே சார். பால்குடி மறக்கட்டும், நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

"இதான் சரியான வயசு அந்தோணி. எனக்குத் தெரியும். வயசு பாத்து எடுத்துக்கன்னு தொரையே என்கிட்ட விட்டுட்டாரு."

தொரை பேரைச் சொன்னால் பட்லர் என்ன செய்வார்? ராணி தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போன நேரத்தில், இருந்ததிலேயே கொழுகொழுவென்ற ஒன்றை டின்னில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கமலா எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, பெருச்சாளியா?"

கண் திறக்கும்வரை குட்டி முன்னால் என்னைத் தவிர யாரும் முகம் காட்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். புது மனைவி பாவம், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பாலாடையில் பால் புகட்டினாள். பால் குட்டியின் காதில் போயிற்று. நான் வாங்கிப் புகட்டினேன், மூக்கில் போயிற்று. பால்காரர் வாசலில் குரல் கொடுத்தபோது, "மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஊத்துப்பா" என்றேன். அவர் கமலாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் டின்னுக்கு எதிரே சப்பணம் போட்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். அது கத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கத்தல் நின்றது.

"பாத்தியா, பழகிடுச்சு" என்றேன்.

கமலா டின்னுக்குள் கையை விட்டாள். "பழகலைங்க. உடம்பு சில்லிட்டுப்போச்சு."

முகத்தை மூடியிருந்த முந்தானையை எடுத்து, குட்டியை அதில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "வாங்க, தாய்கிட்ட கொண்டுபோய் விட்டுடலாம்."

"இன்னிக்குத்தான் மேனேஜர் ஊர்லேருந்து வர்றாரு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க போறது? வேலை வேற பர்மனென்ட் ஆகல."

"இங்க ஒரு உசுரு போகுது. உங்களுக்கு மூஞ்சிதான் பெரிசா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். தூறலில் அவள் முன்னால் ஓட, நான் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்த டின்னை எதற்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

பங்களா வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். ராணி முனகியபடி காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. டின்னில் குட்டியின் வாசனை இருந்ததல்லவா? நேராக என்மேல் பாய்ந்தது. நான் சேற்றில் மல்லாக்க விழுந்தேன். பேண்ட் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதற்குள் கமலா தரையில் உட்கார்ந்து முந்தானையை விரித்துவிட்டாள். ராணி குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு வராந்தாவுக்குப் போயிற்று.

குட்டி அசையவில்லை. ராணி நக்கிக்கொண்டே இருந்தது. பரீட்சைக்குக்கூடச் சாமி கும்பிடாத நான், வேலை போனாலும் போகட்டும், இது பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பின்னங்கால் ஒன்று மெல்ல உதறியது. பிறகு ஊர்ந்துபோய், முட்டி மோதி, காம்பைப் பிடித்துக்கொண்டது. கமலா அழுதாள். நானும் அழுதேன். (தூறல் என்று சொல்லிக்கொண்டேன்.)

"எந்தக் கணக்குலப்பா இதை எடுத்த?" என்று கேட்டார் மேனேஜர்.

கிழிந்த பேண்ட்டோடு நின்று, என் சித்தாந்தத்தை முழுசாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கமலா பக்கம் திரும்பினார். "குட்டி உன்னதும்மா. எப்ப எடுக்கலாம்னு நீ வந்து பாத்து எடுத்துக்க. இவர் வர வேணாம்."

வேலையை ஏனோ அவர் பர்மனென்ட் செய்துவிட்டார். குட்டி பால் மறந்த பிறகு வீட்டுக்கு வந்து, கடைசிவரை கமலா சொன்னதை மட்டும் கேட்டு வாழ்ந்தது.

அடுத்த வருஷம் ஆம்பூரில், தாய்வீட்டில் கமலாவுக்குப் பெண் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அழைத்துவரப் போனேன். நாய்க்குட்டிக் கதை எனக்கு முன்பே அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமியார் அதுவரை என் எதிரே நின்று ஒரு வார்த்தை பேசியவர் இல்லை, எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்துதான். அன்று நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜட்காவை நோக்கிப் படியிறங்கியதும், விறுவிறுவென்று வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாப்ளே, தாயையும் சேத்துத்தானே கூட்டிட்டுப் போறீங்க?"

ஜட்காக்காரர் உட்படத் தெருவே சிரித்தது. குழந்தையைக் கமலா கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். இன்றைக்கும் பேரனையோ பேத்தியையோ தூக்கிக்கொண்டு நான் வாசலைத் தாண்டினால், வீட்டுக்குள்ளிருந்து யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை.