இரண்டு நிமிடத்தை நம்பி அறுத்த கிடா

நல்ல செய்தி சொல்லும் ராசி எனக்கில்லை. கெட்ட செய்தியென்றால் தாராளமாகச் சொல்வேன், அதில் நல்ல பழக்கம். அமெரிக்காவில் ஒரு அணி கிழமை தவறாமல் தோற்றுக்கொண்டிருக்க, அந்தச் செய்தியைக் கல்முனையில் ஒரு வீட்டுக்குள் மாதக்கணக்காகச் சுமந்து இறக்கியவன் நான். அணியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் பட்டது போதும். நான் பட்டதும் போதும்.

அது எனக்குக் கலியாணமான முதல் வருடம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் ஒரு சூட்கேசோடு போய் இறங்கினேன். மாமா மௌத்தாகி மண்ணுக்குப் போய் நெடுநாள். வீட்டில் மாமியும் என் மனைவி றிஸ்லாவும்தான். மாமி பழைய முறைப்படி நடப்பவர், மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். நான் முன்மண்டபத்தில் இருப்பேன், அவர் குசினித் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பார். "மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு புள்ள" என்பது எனக்கு நன்றாகவே கேட்கும். றிஸ்லா என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி வேணுமா எண்டு உம்மா கேக்கிறா" என்பாள். நான் சொல்லும் "ஓம்" திரைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். என்றாலும் றிஸ்லா போய் "ஓமாம்" என்று சொன்ன பிறகுதான் கேத்தல் அடுப்பில் ஏறும்.

றிஸ்லாவின் காக்கா, அதாவது அண்ணன், அஸ்மிர், அமெரிக்காவில் பனி கொட்டும் ஒரு நகரத்தில் பண்டசாலை ஒன்றில் வேலை செய்கிறார். போனவர் பல வருடங்களாக ஊர்ப்பக்கம் வரவில்லை. முதலாவது பனிக்காலத்தில் ஆளில்லாமல் அறைக்குள் சுருண்டு கிடந்தவரை, கூட வேலை செய்பவர்கள் இழுத்துக்கொண்டுபோய் அவர்களுடைய ஃபுட்போல் ஆட்டத்தைக் காட்டி, தலையில் அணியின் கம்பளித் தொப்பியையும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மச்சானுக்கு அந்த அணி "நாங்க" ஆகிவிட்டது. நாங்க வெண்டுட்டம், நாங்க தோத்துட்டம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் உம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுப்பார். அணி வென்றிருந்தால் என்ன கறி, யாருக்குக் கலியாணம், வாசலில் வெள்ளம் ஏறியதா என்று மணிக்கணக்காகக் கதைப்பார். தோற்றிருந்தால் "சுகம் உம்மா, வேலை இரிக்கி" என்பதோடு சரி. அந்த சீசன் தொடக்கத்திலிருந்தே தோல்விதான். முதலில் முகம் காட்டுவது நின்றது. பிறகு குரல் குறைந்தது. கடைசியில் "சுகம்" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மாமி அந்த ஒரு சொல்லை றிஸ்லாவைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

நிலைமையை விளங்கப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஆங்கில ஆசிரியர். ஆங்கிலத்தில் நடக்கும் எதுவும் ஆங்கில ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. (தெரியாது என்று சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை எவன் அப்படிச் சொல்வான்?) இணையத்தில் கொஞ்சம் வாசித்துவிட்டு, நாலு தரம் முயற்சி செய்து பத்து யார் தூரம் பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று பெரிய விற்பன்னர் போல விளக்கினேன்.

"பந்தக் கையில வெச்சிட்டுத்தானே ஓடுறாங்க. அதுக்கு ஏன் இவ்வளவு பேர் மேல விழுறாங்க எண்டு கேளு" என்றது திரைச்சீலை.

"விழுத்தினாத்தான் ஆட்டம்" என்றேன்.

"இதெல்லாம் அவங்கட உம்மாமார் பாக்கிறல்லையா எண்டு கேளு."



அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமத்தில் வரும். நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டு, திங்கள் காலையில் போனைத் திறந்து முடிவைப் பார்ப்பேன். பிறகு றிஸ்லாவிடம் தலையை ஆட்டுவேன், அவள் குசினியைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், குசினியில் ஒரு சட்டி சத்தமாக இறங்கும். இது வாடிக்கையாகிவிட்டது. நான்தான் பந்தைக் கைநழுவ விட்டவன் போல அன்றைக்கு எனக்கு வரும் தேத்தண்ணியில் சீனி குறைவாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மாமி நேர்ச்சை வைத்துவிட்டார். அஸ்மிரின் அணி ஒருதரமாவது வென்றால் ஒரு கிடா அறுத்து, அயலுக்கெல்லாம் சஹன் வைப்பதாக. சஹன் என்பது ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அடுத்த நாளே கிடா வந்து முற்றத்து முருங்கையில் கட்டப்பட்டது.

அந்த சீசனில் நன்றாக இருந்த ஒரே சீவன் அந்தக் கிடாதான். ஒவ்வொரு தோல்விக்கும் அதற்கு ஒரு கிழமை ஆயுள் கூடியது. பலாவிலை தின்றது, சோறு தின்றது, கொடியில் காயப்போட்டிருந்த என் சாறனின் ஒரு கரையையும் தின்றது. நாளுக்கு நாள் கொழுத்தது. நானும் மாமியும் மெலிந்தோம். திங்கட்கிழமைகளில் நான் முற்றத்துக்கு வந்தால் அது என்னை மிகவும் அன்போடு பார்க்கும்.

இப்படியிருக்கும்போது ஆட்டம் ஒன்று வியாழன் இரவுக்கு வைக்கப்பட்டது. அதாவது எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலை. முதல்முறையாக ஒரு ஆட்டத்தை நேரடியாகப் பார்க்கும் பாக்கியம். பள்ளிக்கூட விடுமுறை, வெளியே மாரி மழை. மாமி சுபஹுத் தொழுகையோடு இரண்டு யாசீன் ஓதி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை வீண்போகாது என்பது அவர் எண்ணம். பள்ளிவாசல் லெப்பையும் சொல்லிவைத்தபடி வந்து, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சமையலுக்குப் பின்முற்றத்தில் தகரம் போட்டுக் கல் வைத்து விறகும் அடுக்கியாயிற்று. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மண்டபத்தில் மடிக்கணினியின் முன் இருந்தேன். எங்கள் அணி முன்னணியில் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், அப்போதும் முன்னணியில்தான். கடைசிப் பகுதி வந்தது. பந்தும் எங்கள் கையில். கடிகாரம் இரண்டு நிமிடம் என்று காட்டி நின்றது.

"இஞ்சருங்க, அறுக்கச் சொல்லலாமா எண்டு உம்மா கேக்கிறா" என்றாள் றிஸ்லா.

இரண்டு நிமிடம்! எங்கள் ஊர் மைதானத்தில் முன்னணியில் இருக்கும்போது இரண்டு நிமிடம் மிச்சமென்றால் சனம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். நான் எழுந்து நின்றேன். இவ்வளவு காலம் சுமந்த தோல்விகளையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கிவைக்கும் ஆசை. நெஞ்சை நிமிர்த்தி, முற்றம் வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வெண்டாச்சு! இன்னும் ரெண்டு நிமிஷம்தான். அறுங்க!"

மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்ற சத்தம் அயல்வீடுகளையும் கூட்டி வந்துவிட்டது. லெப்பை பிஸ்மில்லாஹ் சொல்லி வேலையை முடித்தார். கிடா கடைசிவரை நம்பவில்லை.

நான் திரும்பிவந்து அமர்ந்தபோது கடிகாரம் அதே இரண்டு நிமிடத்தில் நின்றது. விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு லொறி, பிறகு காப்புறுதி, பிறகு ஒரு பீட்சா. பிறகு சில விநாடி ஆட்டம், மறுபடியும் லொறி. அமெரிக்காவில் இரண்டு நிமிடம் என்பது எங்கள் பிரதேச செயலகத்தில் "கொஞ்சம் இருங்க" என்பதைப் போன்றது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பின்முற்றத்தில் தோல் உரித்தாகிவிட்டது. இங்கே இன்னும் ஒரு நிமிடம் பாக்கி.

அவர்கள் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்காலில் குந்தினால் போதும், நேரம் ஓடிவிடும். சின்னப்பிள்ளையும் செய்யும். எங்கள் ஆள் குந்தவில்லை. பந்தை இன்னொருவனிடம் கொடுத்தான். அவன் அதை வழுக்கவிட்டான். எதிரணியில் நல்ல பருமனான ஒருவன், அந்த சீசன் முழுக்க ஓடியே இராத ஒருவன் என்று நினைக்கிறேன், அதைப் பொறுக்கிக்கொண்டு மறுகோடி வரை ஓடிப் புள்ளியை எடுத்தான். அவனைத் துரத்துவதற்குக்கூட எங்கள் ஆட்களிடம் தெம்பு இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. மடிக்கணினியை மெதுவாக மூடினேன்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மாமி, றிஸ்லாவின் போனை வாங்கி மகனுக்கு அழைப்பு எடுத்துவிட்டார். மச்சான் பஸ்ஸுக்குள் இருந்தார். தொப்பி புருவம் வரை இறங்கியிருந்தது.

"மனே! வெண்டுட்டீங்க! கிடா அறுத்தாச்சு மனே!"

மச்சான் தொப்பியைப் புருவத்துக்கு மேலே தள்ளினார். பிறகு, "யாரும்மா சொன்ன?" என்று கேட்டார்.

"மருமகன்தான்."

"நாங்க தோத்துட்டம் உம்மா."

குசினித் திரைச்சீலை ஒருபக்கமாக ஒதுங்கியது. கலியாணமாகி அத்தனை மாதத்தில் மாமியின் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். றிஸ்லா குறுக்கே வந்து நின்றும் பயனில்லை.

"மருமகன், நீங்க கண்ணாலதானா பாத்த?"

"ஓம் மாமி. ரெண்டு நிமிஷம்..."

"ரெண்டு நிமிஷம் பொறுக்க ஏலாமப் போச்சா உங்களுக்கு?"

அயல்வீட்டுப் பெண்கள் முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். முருங்கையடியில் கிடாவின் கயிறு மட்டும் கிடந்தது. எனக்கு அதை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நேர்ச்சை வெற்றிக்கு. வெற்றியோ இல்லை. அறுத்ததை என்ன செய்வது? எல்லாரும் லெப்பையைப் பார்த்தார்கள். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"நேர்ச்ச இன்னும் கிடக்கு மகள், அது வெண்டாத்தான் நிறைவேறும். இத சதக்கா, தர்மம் எண்டு மனசில நிய்யத்து வைங்க" என்றவர், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "மருமகன்ட பேரால வைங்க. அவருக்குத்தான் இப்ப தேவ."

போனுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. மச்சான் அழுகிறார் என்று நினைத்து மாமி பதறிவிட்டார். அவர் அழவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் விலகி உட்கார்ந்தது எங்களுக்கே தெரிந்தது.

"சஹன் வைக்கக்குள்ள எடுங்க உம்மா. நான் முழிச்சிரிக்கன்."

ஜும்ஆத் தொழுகை முடிந்து, தகரத்தில் மழை அடிக்க அடிக்க சஹன் வைத்தோம். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். மச்சான் போர்வைக்குள்ளிருந்து முழித்துக்கொண்டிருந்தார். போனை ஒவ்வொரு சஹனுக்கும் கொண்டுபோய்க் காட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. அதை மறுக்கும் நிலையில் நான் இல்லை. யார் நரைத்திருக்கிறார், யார் பல் விழுந்திருக்கிறார், எந்தச் சின்னப்பையன் மீசையோடு நிற்கிறான் என்று அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். "கொஞ்சம் சோத்தக் காட்டுங்க மச்சான்" என்றார். காட்டினேன். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு அதையே பார்த்தார். மாமி வந்து போனை என் கையிலிருந்து வாங்கி, "வந்துட்டுப் போங்க மனே" என்றார். மகனிடம் அவர் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. இறைச்சி நன்றாக வெந்திருந்தும் என்னால் சாப்பிட முடியவில்லை.

சீசனின் கடைசி ஆட்டத்தில் அவர்கள் உண்மையாகவே வென்றார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமி அரிசி புடைப்பதை நிறுத்தவேயில்லை. மச்சான் மைதானத்திலிருந்தே அழைத்து, பின்னால் சனம் கத்துவதைக் காட்டிய பிறகுதான் இரண்டாவது கிடாவுக்கு ஆள் போனது. அடுத்த நோன்புக்கு மச்சான் ஊருக்கு வந்தார். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபடி அவர் முதலில் கேட்டது, "மச்சான், வேனுக்கு இன்னும் எத்தின நிமிஷம்?"

அன்று ஒதுங்கிய திரைச்சீலை பிறகு மூடவில்லை. மாமி இப்போது எல்லாவற்றையும் என்னிடம் நேரே சொல்லுகிறார், பெரும்பாலும் ஏச்சுத்தான். எங்கள் மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில், தாதி மிஸ் பக்கத்தில் நிற்க, வீட்டுக்கு அழைத்தேன். வாழ்நாளில் எனக்கு வாய்த்த மிகப் பெரிய நல்ல செய்தி அது. "மாமி, பொம்புளப்புள்ள பிறந்திரிக்கி, ரெண்டு பேரும் நல்ல சுகம்" என்றேன்.



"சந்தோசம் மருமகன்" என்றார் மாமி. "போன மிஸ்ஸிட்டக் குடுங்க."