வாவிக்கரை ஆர்முடுக்கி

துணிக்கை ஆர்முடுக்கி விஞ்ஞானத்துக்கு மட்டக்களப்பு ஆற்றிய பணியை உலகம் இன்னும் முறைப்படி பாராட்டவில்லை. உலகின் மிகப் பெரிய ஆர்முடுக்கி இருக்கும் ஜெனீவாவுக்கு எங்கள் ஊரைப் பற்றி எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் வேறு விஷயமாக இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

துணிக்கை ஆர்முடுக்கி என்பது அணுவை விடச் சிறிய துணிக்கைகளை வளையமான சுரங்கத்துக்குள் விட்டு, காந்தத்தால் விரட்டி விரட்டி ஓடவைக்கும் இயந்திரம். யுத்தம் முடிந்த மறு வருடம், ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் எங்கள் மாணவர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்க முன்வந்தது. பல வருடங்களாகச் சனங்களை விரட்டி விரட்டி ஓடவைத்த பிரதேசம் என்பதால் "அடிப்படை அனுபவம்" இருக்கும் என்று கருதியிருக்கலாம்.

உடனே குழு அமைத்தோம். தலைவர், இளைப்பாறிய கல்வி அதிகாரி கனகசிங்கம். தொழில்நுட்ப ஆலோசகர், நகரத்தில் வேலைத்தலம் வைத்திருக்கும் ஆர்னோல்ட். செயலாளர் நான். மண்டபமும் தயாராக இருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டி, மூன்று பிரமுகர்கள் தனித்தனியாகத் திறந்துவைத்து, ஒருவரும் பாவிக்காத மண்டபம். நாங்களும் ஒருமுறை திறந்துவைத்தோம்.

உபகரணங்கள்தான் வரவில்லை. செப்புக் கம்பி, பற்றரி, காந்தம் எல்லாவற்றையும் "பாதுகாப்புக் காரணங்களுக்காக" இராணுவச் சோதனைச்சாவடியில் இறக்கி வைத்துவிட்டார்கள். இயந்திரம் இல்லாவிட்டால் என்ன, சுரங்கமாவது இருக்கட்டும் என்று குழு தீர்மானித்தது. மண்டபத்துக்குப் பின்னால், வாவிப் பக்கமாக, மாணவர்கள் வளையச் சுரங்கம் ஒன்று வெட்ட வேண்டும். அதை முன்னின்று சிறப்பாக முடிப்பவருக்கு வெளிநாட்டில், உண்மையான ஆர்முடுக்கிக் கூடத்தில், மூன்று மாதப் பயிற்சி. ஒரேயொரு இடம்.

அந்த இடத்துக்காகவே வந்தவள் கேதீஸ்வரி. வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து, சித்தாண்டியில் மாமா வீட்டில் இருந்து படித்தவள். உயர்தரப் பௌதிகவியலில் "ஏ" சித்தி. வந்த அன்றே என்னிடம் கேட்டாள்.

"சேர், அங்க போனா மெசினக் கையால தொட விடுவாங்களா?"

"குழுவின்ட சிபாரிசு இருந்தா விடுவாங்க" என்றேன்.

ஆர்னோல்ட் கயிறு பிடித்து மண்ணில் வட்டம் கீறினார். மாணவர்களையும் வேலையையும் கேதீஸ்வரியின் பொறுப்பில் விட்டுவிட்டுக் குழு தொடக்கவிழாச் சாப்பாட்டுக்குப் போனது. பேச்சுகளும் இறாலும் நிறைய இருந்தபடியால் பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இடுப்பளவு பள்ளம். மேலே தென்னங்குற்றி பரப்பி, எங்கள் வரவேற்புப் பதாகையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். இறங்குவதற்குப் படியும் இருந்தது. ஆனால் வட்டம் வட்டமாக இல்லை. நாலடிக்கு ஒரு மடக்கு.

"என்னகா இது, பாம்பு போற மாதிரிக் கிடக்கு?" என்றார் ஆர்னோல்ட்.

"மடக்காம வெட்டினா துண்டு நேரா உள்ளுக்க பறந்து வந்திடும் சேர். மடக்கி விட்டா மண்ணில குத்தி நிண்டிரும்."

"பறக்கத்தானே வேணும் புள்ள! துணிக்கை பறக்கத்தானே இந்தச் சுரங்கம்!"

அவள் மண்மூட்டைகளையும் ஆர்னோல்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப உள்ளுக்க ஆக்கள் இருக்க மாட்டாங்களா சேர்?"

ஆர்னோல்ட் கயிற்றைச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். விஞ்ஞானக் கருத்தரங்குகளில் இத்தகைய ஆழ்ந்த மௌனம் அபூர்வம்.

அடுத்த நாள் அவளே மடக்குகளை வெட்டி எடுத்து, வட்டத்தைச் சீராக்கினாள். ஆர்னோல்ட் கயிறு வைத்து இரண்டு தரம் அளந்தார். "ஒரு விரற்கடை பிசகில்ல. என்ட வேலைத்தலத்தில இப்பிடி ஒரு ஆள் இல்ல" என்றார். அதை அவருடைய "தனிப்பட்ட கருத்து" என்று பதிந்துகொண்டேன்.

பிறகு நேர்முகத் தேர்வு. தலைவரே கேள்வி கேட்டார்.

"சுரங்கம் வெட்ட எங்க பயிற்சி எடுத்த நீங்க?"

"வாகரையில சேர். ஷெல் அடிக்கக்குள்ள பதுங்கிறதுக்கு."

"எந்த நிறுவனம் நடத்தின?"

"நிறுவனம் ஒண்டும் இல்ல சேர். அம்மாவும் நானும்தான்."

"எத்தின மாதக் கோர்ஸ்?"

"ஷெல் நிக்கும் மட்டும்."

"சேர்ட்டிபிக்கட்?"

"உசிரோட வந்திருக்கன் சேர்."

"அதப் போட்டோக்கொப்பி எடுக்கேலாதே மகள்" என்று தலைவர் மிகவும் வருத்தப்பட்டார்.

அவளை வெளியே அனுப்பிவிட்டுக் குழு ஆழமாக ஆராய்ந்தது. சான்றிதழ் இல்லாத ஒருவர் சுரங்கம் வெட்டினார் என்று எழுத முடியாது. ஆனால் சுரங்கம் இருக்கிறது. எனவே அது "தலைவரின் நேரடி வழிகாட்டலில் குழு அமைத்த சுரங்கம்" என்று தீர்மானமாயிற்று. எனவே வெளிநாட்டு இடமும் தலைவருக்கே. அறுபத்தேழு வயதில் மாணவராவதை அவர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். ஆர்னோல்ட் மட்டும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுபடி வரவில்லை. அவர் இல்லாமலும் கூட்டத்துக்கு ஆள் கணக்குச் சரியாக இருந்தது.

முடிவைக் கேதீஸ்வரிக்கு நான் அறிவித்தேன். அவள் அழவில்லை.

"நான் வெட்டினதெண்டு ஒரு வரி எழுதித் தாங்க சேர். வேற எங்கயும் போட்டுப் பார்ப்பன்."

"அப்பிடி ஒரு பதிவே இல்லையே தங்கச்சி."

தலைவரை வழியனுப்பும் விழா அன்று ஒரு இராணுவ ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி எங்களைத் தாண்டி மண்டபத்துக்குப் பின்னால் போனார். குனிந்து உள்ளே பார்த்தார். மண்மூட்டையைக் காலால் தட்டினார்.

"இது பங்கர். யார் வெட்டினது?"

"நேரடி வழிகாட்டல்" என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. தலைவர் மாலையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். கதிரை அடுக்குவதற்காக அன்று கேதீஸ்வரியைக் கூப்பிட்டிருந்தோம். எங்கள் விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவளை நோக்கி நீண்டன. திட்டம் போட்டது அவள், வெட்டியது அவள், மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள், இதில் அவளுக்கு நிகர் இந்தப் பக்கத்தில் யாருமில்லை என்று தலைவர் விளக்கினார். பெயரை எழுத்துக்கூட்டியும் சொன்னார். இவ்வளவு நிறைவான சிபாரிசை நான் எந்தக் கடிதத்திலும் வாசித்ததில்லை.

விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றப்படுமுன் அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் வெட்டினன், என்ன சேர்?"

"ஓம்" என்றோம், ஏகமனதாக.