பக்கத்து வீட்டை வாங்கிவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முட்டிவலியும் என்னைவிட்டுப் பிரியாமல் நலமாக இருக்கிறது. உன் நலத்தை நிதானமாக விசாரிக்க இப்போது நேரமில்லை. பக்கத்து வீட்டுத் தையல் மாஸ்டர் வீட்டை விற்கப்போகிறார். நீ வாங்கிவிடு.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடா என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. நாற்புறமும் காலி இடம் விட்டுக் கட்டிய வீட்டில் இருப்பவன் அல்லவா! ஒப்புக்கொள்கிறேன், இங்கே நடு அறைக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். ஒரு வீட்டில் சாக்கடைக் குழாய் அடைத்தால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டம் போட வேண்டும். ஆனால் குளிர் உள்ளே வராது, பெயிண்ட் அடிக்க முன்னும் பின்னும்தான் சுவர், மாஸ்டரின் மெஷின் சத்தம் கேட்டால்தான் எனக்கு மத்தியானத் தூக்கமே வருகிறது. ஒருமுறை படம் மாட்ட ஆணி அடித்தேன், கொஞ்சம் நீள ஆணி, முனை அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், மனிதர் அதில் அளவு நாடாவை மாட்டிக்கொண்டார்! இப்போது என் ஆணியைப் பிடுங்க எனக்கே உரிமை இல்லை. கதவுகளும் எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சை. ஒரு நாள் வெயிலில் வந்த நான் அவர் வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, "டீ கொண்டா" என்று அதட்டி, பாதி குடித்த பிறகுதான், டீ நன்றாக இருக்கிறதே, இது நம் வீடில்லையே என்று உறைத்தது. அதற்குள் மாஸ்டர் என் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்திருந்தார்.

"என் கண்ணாடிய எங்க வெச்ச?" என்று உன் அண்ணியைக் கேட்டால், "ஃபிரிட்ஜ் மேல பாருங்கண்ணே!" என்று சுவருக்கு அப்பாலிருந்து மாஸ்டரின் மனைவி பதில் சொல்கிறார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் போன மாதம் நான் வெளியே போயிருந்தபோது உன் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சுவரைத் தட்டினாள். அந்த அம்மாள்தான் ஓடி வந்து தூக்கினார். சுளுக்கோடு போயிற்று.

மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு நீ அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாய். விழுந்தால் எந்தச் சுவரைத் தட்டுவாய்? நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. வந்துவிடு.

நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பிப் பணம் புரட்டிவிடாதே. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம். கையெழுத்துப் போட்டதும் அந்தப் பக்கம் மெஷின் நின்றது. "அண்ணே, நாங்க வீட்ட விக்கல. மெஷின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவுன்னு நெனச்சுதான் கெளம்பப் பாத்தோம். இதெல்லாம் எங்ககிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மாஸ்டர். எனக்கு ஒரே சந்தோஷம். உடனே உன் நினைப்பு வந்தது.

"அப்ப என் தம்பி எங்க இருப்பான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க மாடி ரூம் சும்மாதானே கெடக்கு? அண்ணியும் இதையேதான் தெனம் சொல்றாங்க. எங்க காதுல விழுது, உங்க காதுலதான் விழல" என்றார் மாஸ்டரின் மனைவி.

உன் அண்ணியோ அதற்குள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நீ பெட்டியைக் கட்டு.