கையைத் தூக்கினால் கரண்ட் போகும்

"ஊசியக் கண்டா ஓடுத பிள்ளை, இது காலேஜுக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போவுது?"

நான் பிளஸ் டூ முடித்தபோது பெரியப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நான் எம்.எஸ்ஸி. முடித்து, பி.எட்.டும் முடித்தேன். ஆனால் ஊசி விஷயத்தில் பெரியப்பா சொன்னதுதான் சரி. ஊசியைக் கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே வாசலைத் தேடும்.

பல் டாக்டரிடம் ஊசியோடு துளை போடும் மெஷினும் உண்டு. அதனால் கடைவாய்ப் பல்லில் விழுந்த ஓட்டையை வீட்டில் மறைத்து, கிராம்பை அதக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினேன். (வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் "அலட்சியம் கூடாது, டாக்டரைப் பாருங்க" என்று பிரசங்கம் செய்வது நானேதான்.)

ஒரு சனிக்கிழமை பல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வாயில் காற்றுப் பட்டாலே நெற்றி வரை சுண்டி இழுத்தது. திங்கட்கிழமை ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். பிடித்திருந்தால் வேலை. விசைத்தறியை விட்டு வெளியே எங்கள் வீட்டு ஆள் பார்க்கப்போகும் முதல் வேலை. வாயே திறக்க முடியாதவள் எப்படி இயற்பியல் நடத்துவாள்?

"என்னட்டி, மூஞ்சிய ஒரு பக்கமா வச்சிருக்க?" என்றாள் அம்மா. அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் புதிதாகத் திறந்திருந்த பல் மருத்துவமனைக்குப் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி (அந்த நேரத்திலும் எனக்கு ஊசி நினைப்புதான்). உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். சுவரில் இருந்த பல் படத்தைப் படித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே ராயகிரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ராயகிரியில் எனக்கு யாருமில்லை. இருந்தாலும் ஏறிவிடலாம் போலிருந்தது.

"ஏட்டி, ஒரு எடத்துல இரு. பல்லப் பிடுங்கதுக்குள்ள ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல."

விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய தொண்டை அம்மாவுடையது. பிடுங்குவது என்று காதில் விழுந்ததும் எதிரே இருந்த அண்ணாச்சி மெதுவாக எழுந்து வெளியே போனார். திரும்பி வரவே இல்லை.

டாக்டர் இளம்பெண். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். "பிடுங்க வேண்டாம். வேர் சிகிச்சை பண்ணிப் பல்லைக் காப்பாத்திரலாம். மரத்துப்போக வச்சிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்."

நான் கெஞ்சியதால் அம்மாவையும் உள்ளே விட்டார்கள். அவள் கதவோரமாக நின்றாள்.

கண்ணை இறுக மூடினேன். ஈறில் ஏதோ இனிப்பாகத் தடவினார். பிறகு லேசாக அழுத்தினார். கொஞ்ச நேரம் சும்மா விட்டார். ஊசி இதோ வரும், இதோ வரும் என்று பாதங்களை உரசிக்கொண்டே கிடந்தேன். ஊசிக்குப் பதிலாக மெஷின் கிர்ரென்றது. அது பல்லைத் தொடக்கூட இல்லை. கையைத் தூக்கிவிட்டேன்.

விளக்கு அணைந்தது. மெஷின் நின்றது. ஏசி நின்றது. பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆணின் குரல் கேட்டது. "ஐயா டாக்டரு, கைய எடுங்க, இன்னும் என் வாய்க்குள்ளதான் இருக்கு."

"மெயினை யாரு ஆஃப் பண்ணது?" என்றார் எங்கள் டாக்டர்.

"நாந்தான்" என்றாள் அம்மா, இருட்டுக்குள்ளிருந்து. "பிள்ளை கையத் தூக்குனால்லா?"

தறிக்கூடத்துச் சத்தத்தில் கையைத் தூக்கினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: மோட்டாரை நிறுத்து. யார் கை உயர்ந்தாலும், சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவர் யோசிக்கவே கூடாது. கதவோரம்தான் மெயின் சுவிட்ச் பெட்டி இருந்திருக்கிறது. அம்மா யோசிக்கவில்லை.

இதுதான் சமயம் என்று நாற்காலியிலிருந்து குதித்தேன். கழுத்தில் கட்டிய நீலத் துணியோடு ஓடினேன். கண்ணாடிக் கதவு மூடியிருந்ததை இருட்டில் கவனிக்கவில்லை. என் வாய்தான் அதில் போய் இடித்தது, அதுவும் பல்வலி இருந்த பக்கமே.

வலிக்கவில்லை.

உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருந்தது.

"ஊசி போட்டுட்டீங்களா?" என்று குழறினேன்.

"அப்பவே போட்டாச்சே" என்றார் டாக்டர். "நீங்கதான் கண்ணையே திறக்கலையே. வாங்க, இன்னும் வேலை இருக்கு."

அத்தனை வருஷம் நான் யாருக்குப் பயந்து ஓடினேனோ, அந்த ஊசியார் எனக்குத் தெரியாமலே வந்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திரும்பிப் போய்ப் படுத்தேன். அம்மாவை வெளியே உட்காரவைத்தபிறகுதான் கரண்டைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை வாய் நிறையத் திறந்து ஒளிவிலகல் நடத்தினேன். வேலை கிடைத்தது. ஆனால் எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் அப்பா தறியை விட்டுத் தெருவுக்கு வந்து, "யாரோ பல்லுப் பாக்கப் போயிருக்காவ போல" என்கிறார். தெருவே சிரிக்கிறது.

போன வாரம் மறுபக்கத்துப் பல்லுக்குப் போனேன், தனியாக. நர்ஸ் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "யாரும் வரலை" என்றேன். நாற்காலியில் ஏறிப் படுத்து, டாக்டர் கையுறை மாட்டும் முன்பே வாயைத் திறந்துவிட்டேன்.