மின்சார வண்டியின் ஆறாவது வரைபடம்

வண்டி ஓட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வண்டியில் ஏறிப் போகிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: வண்டியை 'ப்ளான்' பண்ணுகிற இனம். சட்டைப் பையில் கூராகச் சீவிய பென்சில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு என்று எது கையில் அகப்பட்டாலும் அதன் முதுகில் ஒரு படம் விழும். இவர்களிடம் ஸ்பானர் இருக்குமா? இருக்கும், வாங்கிய காகித உறை பிரியாமல்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் குடியிருந்த சௌந்தரராஜன் இந்த இனத்தில் அசல் வித்து. வேலை ரயில்வே டிராயிங் ஆபீசில். மனைவி சுலோசனா ஒன்றரை மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்கு முட்டி வலி வந்தது. நடந்தால் வீங்கியது, பஸ் படி ஏறினால் கண்ணில் நீர் வந்தது. "அடுத்த வருஷம் துர்கா பூஜை லீவுக்குள்ள சரியாகலைன்னா வேலையை விட்டுடறேன்" என்றாள். பாடம் நடத்தாத சுலோசனாவை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பகீரென்றது. அந்த வாரமே ஒரு பேக்கரிக்காரரிடமிருந்து பழைய ரொட்டி வண்டியை வாங்கி வந்தார். மூன்று சக்கரம், பெடல், பின்னால் பெட்டி. அதில் மோட்டார் வைத்து, பாட்டரியில் ஓட்டி, மனைவியை மகாராணியாக அனுப்புவதாகத் திட்டம்.

முதல் வரைபடத்தில் இரண்டு லாரி பாட்டரி. அழகான படம். ஆனால் பாட்டரி சார்ஜ் ஏறப் பத்து மணி நேரம் கரண்ட் வேண்டும். காலனியிலோ தினம் மூன்று தடவை லோட் ஷெட்டிங். ஆகவே இரண்டாவது வரைபடத்தில் இன்னும் இரண்டு பாட்டரி. அந்தக் கனத்தை இழுக்க மூன்றாவதில் பெரிய மோட்டார். பெரிய மோட்டார் குடிக்கிற மின்சாரத்துக்கு நான்காவதில் மறுபடியும் இரண்டு பாட்டரி. அத்தனையும் தாங்க ஐந்தாவதில் இரும்புச் சட்டம்.

அடுத்த வீட்டு கோஷ் பாபு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்பார்: "கீ தாதா, காடி ஹோலோ?" என்ன அண்ணா, வண்டி ஆயிற்றா என்று. சௌந்தரராஜன் பென்சிலை உயர்த்தி, "ஹொபே, ஹொபே" என்பார். ஆகும், ஆகும். ஒன்றரை வருஷமாக இவருக்குத் தெரிந்த வங்காள மொழி அவ்வளவுதான். ரொட்டி வண்டி வராந்தாவில் நின்றது. அதற்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடித்துத் துடைத்து வைத்தவள் சுலோசனா. மனிதர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்கிற பரிதாபம்.

ஐந்தாவது வரைபடத்தைக் கூட்டிப் பார்த்ததில் எடை ஐம்பத்திரண்டு கிலோ கூடுதலாக வந்தது. மணியைக் கழற்றினார். மட்கார்டைக் கழற்றினார். மோட்டார் இருக்க எதற்கு என்று பெடலையும் கழற்றினார். எல்லாம் காகிதத்தில்தான். போதவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"சுலோ, உன் வெயிட் என்ன?"

"அம்பத்திரண்டு. ஏன்னா?"

ஆறாவது வரைபடம் பிறந்தது. அதில் வண்டி ஒரே சார்ஜில் பதினைந்து மைல் ஓடியது, ரயில்வே மேம்பாலத்தை மூச்சு வாங்காமல் ஏறியது. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, அதில் யாரும் உட்கார முடியாது.

பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் சுலோசனா ஒரு காகிதத்தை அவர் முன் வைத்தாள். ராஜினாமா கடிதம். "இங்கிலீஷ் சரியாருக்கா, பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள். திரும்பி வந்தபோது கடிதம் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் ஒரு பல்சக்கரம்.

"படிச்சேளா?"

"ஒரு நிமிஷம், சுலோ. கியர் ரேஷியோ இப்பத்தான் பிடிபட்டிருக்கு..."

சுலோசனா கத்தவில்லை. கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். பிள்ளைகளின் கணக்கு நோட்டுக் கட்டை ரொட்டிப் பெட்டியில் போட்டாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி, வலிக்காத காலால் ஒரு மிதி, வலிக்கிற காலால் பயந்து பயந்து ஒரு மிதி. உடம்பின் கனத்தை சீட் தாங்கியது, முட்டிக்குச் சுமையில்லை. வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது.

சௌந்தரராஜன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "சுலோ! பிரேக் கணக்கு இன்னும் முடியலே!"

"நான் நிறுத்தறதா இல்லை!"

புளிய மரத்தடி திருப்பம் வரை ஓடி, மூச்சிரைக்க நின்றார். அவள் வேலையை விடப் போவதில்லை என்று தெரிந்ததில் அவருக்குக் கண் கலங்கியது. ஒன்றரை வருஷம் அவளை நடக்க விட்டோமே என்று உடம்பு கூசியது. இரண்டும் உண்மையான உணர்ச்சிகள். வீடு வந்து சேரும்வரை நீடித்தன. வீட்டுக்குள் நுழைந்ததும், வெயிலில் போகிறாளே, வண்டிக்கு ஒரு கூரை வேண்டாமா, கூரை என்றால் அதில் சின்னதாக ஒரு மின்விசிறி வேண்டாமா என்று தோன்றியது. கிழிந்த கடிதத்தில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அந்த விசிறிக்குத் தனி பாட்டரி எதற்கு, சக்கரத்தில் ஒரு டைனமோ வைத்தால் போதுமே என்று சற்றுமுன் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் பென்சிலைக் கீழே வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து யாரோ வெகுநேரமாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.